எந்தப் பக்கம்?

"யாரும் அசையாதீங்க. மூச்சைக்கூட மெதுவா விடுங்க!"

தொட்டியைச் சோதிக்க வந்திருந்த அவள் அதட்டியதும் சூப்பர்வைசரும் அவள் அண்ணனும் கப்சிப்பென்று நின்றார்கள்.

கல்மேசையில், சோதனைக்காகக் காற்றடைத்த ஆக்சிஜன் தொட்டி. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியது. அதன்மேல் விழுந்த லேசர் வெளிச்சம் சிவப்பு மணலைத் தூவியதுபோல் புள்ளி புள்ளியாக மினுங்கியது. மேசையில் இடம் போதாமல் எதிர்ச் சுவரில் திருகி மாட்டியிருந்த கேமரா அந்தப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டர் திரையில் கறுப்புக் கோடுகள் ஒவ்வொன்றாக முளைத்தன.

"இந்தா, இன்னொரு கோடு!" என்றார் சூப்பர்வைசர். "காத்து ஏத்தி நிறுத்தியாச்சு. இதுக்கு மேல கோடு வரலாமா? வெல்டிங் விட்டுக்கொடுக்குதும்மா. நாளைக்கு வெடிச்சா யாரு பதில் சொல்றது?"

வெல்டிங் செய்தவன் அவளுடைய அண்ணன்தான். தொட்டி தேறாவிட்டால் இந்தக் கம்பெனியில் அவனுக்கு இனி வேலை இல்லை.

"சார், எவ்வளவு நகர்ந்துச்சுன்னுதான் கோடு சொல்லும். முன்னால வந்துச்சா, பின்னால போச்சான்னு சொல்லாது. லேசர் பட்டுத் திரும்புற கண்ணாடிய இம்மி இம்மியா தள்ளி நாலு படம் எடுத்து, அதுலேருந்து ஒளி அலை எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு கணக்குப் போட்டாத்தான் தெரியும்."

"அண்ணனுக்குத் தோதா எதையாச்சும் போட்டுக் காட்டிடாதம்மா."

அவளுக்குச் சுருக்கென்றது. அதற்குள் அண்ணன் முந்திக்கொண்டான். "பாப்பா, எனக்காக மழுப்பாத. போச்சுன்னா போச்சுன்னு சொல்லிடு."

அவள் முதல் படத்தை எடுக்கும்போதே தடாலென்று சத்தம். சரியாக மூடாத கதவைச் சூப்பர்வைசர் உதைத்திருந்தார்.

"சார்! தும்மினாலே படம் கெட்டுடும். நீங்க கதவ உதைக்கிறீங்களே!"

"பாழாப்போன கதவு! நேத்துவரைக்கும் நல்லாத்தான் மூடுச்சு."

பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. கணக்கு ஓடி முடிந்தது. திரையைப் பார்த்தவளுக்கு முகம் வெளிறிவிட்டது.

"என்ன பாப்பா? விட்டுடுச்சா?" அண்ணன் கிட்டத்தட்ட அழுதுவிட்டான்.

"இல்லண்ணா. வெல்டிங் விட்டிருந்தா தொட்டி உப்பிக்கிட்டு கேமரா பக்கம் வரணும். இது விலகிப் போகுது."

சூப்பர்வைசர் சிரித்தே விட்டார். "நல்லா இருக்கே கதை! காத்து அடைச்ச தொட்டி எங்கயாவது உள்ள போகுமா?"

"போகாது சார். தொட்டி இம்மிகூட அசையல." அவள் கண்கள் கேமராவிலிருந்து மெல்ல மேலேறி, கூரை ஓரத்து விரிசலில் போய் நின்றன. "பின்னால போறது கேமரா. அதை மாட்டியிருக்கிற சுவரு சாயுது... நிக்காதீங்க, ஓடுங்க!"