மெஷினில் போட்ட பெயர்

விளையாட்டு அரங்கின் உயரமான சன்னல்கள் வழியே பனிக்கால வெயில் விழுகிறது. யார்க் நகரப் பழந்துப்பாக்கிச் சந்தையில் எல்லா மேசைகளும் பழுப்பும் கறுப்புமாகக் கிடக்க, கிளைவின் மேசை மட்டும் எவர்சில்வர் கடை மாதிரிக் கண்ணைக் கூசவைக்கிறது. பக்கத்து மேசையில் வெடிமருந்துக் குடுவைகள் விற்கும் எனக்கே, பழமையை இப்படித் தேய்த்து அழித்துவிட்டானே என்று வயிறு எரிகிறது. ஹெஸ்டர் வந்து நிற்கிறார். வெடிமருந்து அடைத்த சிறு செப்புத்தொப்பியை வைத்துச் சுடும் அந்தக் காலத்து ரிவால்வர்களில், சொந்தக்காரரின் பெயர் செதுக்கியவற்றை மட்டுமே சேகரிப்பவர். போன சந்தையில் கிளைவிடம் அப்படியொரு ரிவால்வரைப் பார்த்துவிட்டு, "அப்படியே எடுத்து வைங்க" என்று சொல்லிப் போனார். அப்போது இரும்பில் நூற்றைம்பது வருஷப் பழுப்பு படிந்திருந்தது. அந்தப் பழுப்புக்குள் ஒரு லெப்டினன்ட்டின் பெயர் மெலிதாகத் தெரிந்தது. "உங்களுக்காகத்தான் மெஷின்ல போட்டுத் தேய்ச்சேன். புதுசு மாதிரி ஆயிடுச்சில்ல!" என்கிறான் கிளைவ், டீயை உறிஞ்சிக்கொண்டே. ஹெஸ்டர் கையுறையைக் கழற்றிவிட்டு, ரிவால்வரை எடுத்துக் கட்டைவிரலால் தடவுகிறார். எழுத்து இருந்த இடத்தில் விரல் எதிலும் இடறவில்லை. "பேரு எங்கே, கிளைவ்?" "அட, அது ஏற்கனவே பாதி தேய்ஞ்சதுதானே. அதைப் போய்ப் பெருசா..." ஹெஸ்டரின் காதுமடல்கள் சிவக்கின்றன. அவ்வளவு கோபத்திலும் குழல் வாயை யார் பக்கமும் திருப்பாமல், ரிவால்வரைப் படுக்கைவாட்டில் அவன் கண்ணெதிரே தூக்கிப் பிடிக்கிறார். "நல்லாப் பாருங்க. அந்த மனுஷன் இருந்த இடத்துல இப்போ உங்க மூஞ்சிதான் தெரியுது."