இது சோதனை அழைப்பு

பீப்பாய்களை எண்ணி முடித்துவிட்டாள்.

ஒன்றிலும் கசிவு இல்லை. மூடிகள் இறுக்கமாக இருந்தன. கண் கழுவும் குழாயைத் திறந்து, தண்ணீர் தெளியும்வரை விட்டு, மூடினாள்.

இனி தொலைபேசி மட்டும்தான்.

ரசாயனக் கழிவுக் கிடங்கின் சுவரில் சிவப்புத் தொலைபேசி ஒன்று தொங்குகிறது. ஏதாவது தீப்பிடித்தால், யாராவது மயங்கி விழுந்தால், அதிலிருந்துதான் வீட்டுக்குச் சொல்ல வேண்டும். அது வேலை செய்கிறதா, வீட்டு எண்கள் சரிதானா என்று ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பது பாதுகாப்பு அதிகாரியான அவளுடைய வேலை.

பத்தொன்பது பேர். பத்தொன்பது வீடுகள்.

முதலில் சொல்ல வேண்டியதைப் படிவத்தின் தலையிலேயே அச்சடித்திருக்கிறார்கள்.

இது சோதனை அழைப்பு. யாருக்கும் ஒன்றும் இல்லை.

அதைச் சொல்லிவிட்டுத்தான் மூச்சே விட வேண்டும்.

பிறகு இரண்டு கேள்விகள். நீங்கள் அவருக்கு என்ன உறவு? எத்தனை நிமிடத்தில் வர முடியும்?

முகமூடியைக் கழற்றக் கூடாத இடம். ரப்பர் முகமூடிக்குள்ளிருந்து கத்தித்தான் பேசுவாள். அவள் குரல் அவளுக்கே யாரோ போலக் கேட்கும்.

ஒரு தாய் மூன்று முறை கேட்டாள், நெசமாவே ஒன்னுமில்லீங்களா என்று. ஒரு வீட்டில் குழந்தை எடுத்து, அப்பா வேலைக்குப் போயிருக்கார் என்று அவளுக்கே தகவல் சொன்னது.

கிடங்குப் பொறுப்பாளர் வெள்ளியங்கிரியின் மனைவி எடுத்தபோது, குரல் ரிசீவரைத் தாண்டி வெளியே வந்தது.

"குக்கரு இன்னும் ரெண்டு விசில் வரோணுங்க. எறக்கி வெச்சுப்போட்டு வந்தர்றனுங்க."

பக்கத்தில் நின்றிருந்த வெள்ளியங்கிரி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"என்ற உசுரு ரெண்டு விசிலுக்குத் தாங்கோணுமுங்க மேடம்."

முகமூடிக்குள் சிரித்தாள்.

பதினெட்டு முடிந்தது. பத்தொன்பதாவது வரிசையில் பேனாவால் ஒரு டிக் போட்டாள். போன நான்கு முறையும் போட்டதுபோலவே.

வெள்ளியங்கிரி படிவத்தை வாங்கினார். இந்த முறையிலிருந்து சாட்சிக் கையெழுத்து என்று ஒன்று சேர்த்திருக்கிறார்கள். அது அவருடையது. போடாமல் பேனாவைப் பிடித்தபடியே நின்றார்.

"இது மட்டும் அடிக்கவே இல்லீங்களே மேடம்."

பத்தொன்பதாவது பெயர் கோகிலா.

அவள்தான்.

எதிரே பூபதியின் எண். உறவு: கணவர். வேலைக்குச் சேர்ந்த அன்று அவளே எழுதியது.

பிரிந்து இரண்டு வருடம் ஆகிறது. கோர்ட் இல்லை, பஞ்சாயத்து இல்லை. அவன் கோபியிலேயே இருந்துவிட்டான். அவள் ஆலைக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டாள். கொஞ்ச நாளைக்கு என்றுதான் இரண்டு பேரும் சொன்னார்கள்.

எண்ணை மாற்றிவிடலாம் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பாள்.

மாற்றி, யாருடையதை எழுதுவது?

வெள்ளியங்கிரி என்ன புரிந்துகொண்டாரோ, கடைசி வரிசைப் பீப்பாய்களைப் பார்க்கப் போனார். ஏற்கெனவே பார்த்த பீப்பாய்கள்.

எண்ணைப் பார்க்காமலே அழுத்தினாள்.

நான்கு முறை மணி அடித்தது. எடுக்க மாட்டான். எடுக்காவிட்டால் எடுக்கவில்லை என்று எழுதிவிடலாம். அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

"ஹலோ?"

அந்த ஒரு சொல்லில், முதலில் சொல்ல வேண்டியது தொலைந்துபோயிற்று.

"கழிவுக் கிடங்குல இருந்து பேசறங்க. கோகிலாங்கறவங்களுக்கு அவசரத் தொடர்பா இந்த நெம்பரக் குடுத்திருக்கு. நீங்க அவங்களுக்கு..."

"அவளுக்கு என்னாச்சுங்க?"

அவளிடம் அவன் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

பின்னால் ஏதோ உருண்டு விழுந்தது. சாவிக்கொத்து குலுங்கியது.

"எந்த ஆஸ்பத்திரிங்க? இல்ல, நான் அங்கயே வந்தர்றனுங்க. அவகிட்டச் சொல்லுங்க. நான் வந்துட்டே இருக்கறன்னு மட்டும் சொல்லுங்க."

"இது சோதனை..."

வைத்துவிட்டான்.

மறுபடி அடித்தாள். மறுபடியும். வண்டியில் ஏறிவிட்டால் யார் கூப்பிட்டாலும் எடுக்க மாட்டான். அதற்காக எத்தனை சண்டை போட்டிருப்பாள்.

வெளியே ஓடினாள். முகமூடியைக் கழற்றி, காவலாளியிடம் கொடுத்து வைத்திருந்த கைபேசியை வாங்கினாள். அவனுக்குச் செய்தி தட்டினாள்.

நான்தான் பேசினேன். இது சோதனை அழைப்பு. யாருக்கும் ஒன்றும் இல்லை. வர வேண்டாம்.

வழியில் எங்காவது வண்டியை நிறுத்தினால் பார்ப்பான். பார்த்தால் திரும்பிவிடுவான்.

கடைசி இரண்டு சொற்களைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அழித்தாள்.

மெதுவா வா.

அனுப்பிவிட்டாள்.

வெள்ளியங்கிரி படிவத்தோடு வந்தார். முகமூடி அழுத்திய தடம் அவர் கன்னத்தில் சிவப்பாக இருந்தது. தன் கன்னத்திலும் அப்படித்தான் இருக்கும். துடைத்துக்கொண்டாள்.

"லைன் கெடச்சுதுங்களா மேடம்?"

"கெடச்சுது."

"என்ன உறவுன்னு சொன்னாருங்க?"

"அது ஏற்கெனவே எழுதியிருக்குதுங்ணா. அப்படியே இருக்கட்டும்."

அவர் சாட்சிக் கையெழுத்தைப் போட்டார். பிறகு பேனாவைக் கடைசிக் கட்டத்துக்கு நகர்த்தினார்.

"எத்தன நிமிஷத்துல வருவாராமா?"

கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நாற்பது. கோபியிலிருந்து முப்பத்தைந்து கிலோமீட்டர்.

"தெரியலீங்ணா. பாத்துத்தான் எழுதோணும்."