சொத்தைக் கத்தரி

விதைக்குள்ளேயே ஏதோ வித்தை செய்து, புழு விழாத கத்தரியைக் கொண்டுவந்துவிட்டார்கள். தோட்டத்தில் மருந்தடிப்பது குறைந்தது. அங்கப்பனின் காய்கறிக் கடையில் சொத்தை கழிப்பதும் நின்றது. வருஷா வருஷம் கம்பெனியிடமே விதை வாங்க வேண்டுமாம். அது தோட்டக்காரர் கவலை. அங்கப்பனின் நஷ்டம் வேறு மாதிரி.

முன்பெல்லாம் கத்தரி வாங்கிப் போன தமயந்தி டீச்சர், அரைமணியில் சொத்தைகளைத் தட்டில் ஏந்திக்கொண்டு திரும்பி வருவார்.

"எடை போட்டது காய்க்கா, புழுவுக்கா?"

"புழுவை எடையில சேர்க்கலை டீச்சர். அது கொசுறு."

டீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இன்னும் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் போவார். அங்கப்பனுக்கு அன்றைய பொழுது அதிலேயே நிறைந்துவிடும். இப்போது வாங்குகிறார், போகிறார். மூன்று மாதமாக ஒரு சண்டை இல்லை.

இன்று காலை கோணி ஊசியால் ஒரு கத்தரியில் பதமாக ஓட்டை போட்டு, அவர் பைக்குள் தள்ளிவிட்டான். அரைமணியில் தட்டு வந்தது. அதில் பிளந்த காய், உள்ளே பால்வெள்ளை.

"ஓட்டை இருக்கு. புழுவைக் காணோமே, அங்கப்பன்?"

"அதைத்தான் டீச்சர், நானும் மூணு மாசமாத் தேடறேன்."

டீச்சர் தட்டை நீட்டவும் இல்லை, திரும்பிப் போகவும் இல்லை.