ஓணான் பரீட்சை எழுதுகிறான்

ஓணான் இங்கிலீஷ் படிக்கிறான் என்று கேள்விப்பட்டதும் சிறை வார்டர் நேராக ஜெயிலரிடம் ஓடினார்.

பின்னே? இதற்கு முன் இரண்டு சிறைகளில் சுவரேறிக் குதித்துத் தப்பியவன் அவன். அதனால்தான் அந்தப் பட்டப்பெயரே வந்தது. அப்பேர்ப்பட்டவன் திடீரென்று தலையைப் படிய வாரிக்கொண்டு, பத்தாம் வகுப்பு இங்கிலீஷ் பரீட்சைக்கு மனுப் போட்டிருந்தான். எழுதப்போகும் கைதி அவன் ஒருவன்தான் என்பதால் சிறைக்குள் தேர்வு மையம் கிடையாது. இரண்டு தெரு தள்ளியிருந்த பள்ளிக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

"பாஸானா தண்டனையில மூணு மாசம் கழியும். அதான் படிக்கிறான்" என்றார் ஜெயிலர்.

"மூணு மாசம் கழிக்கவா? மொத்தமா கழண்டுக்கத்தான் சார் படிக்கிறான்!"

வார்டர் ஓய்வுபெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது. அவர் காவலில் கைதி தப்பினால் வேலை போகும், பென்ஷன் போகும், பெண்டாட்டி முன்னால் மானமும் போகும்.

தேர்வு அறைக்குள் காவலர் யாரும் வரக்கூடாது என்று தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார். மேற்பார்வையாளரையும் பரீட்சை எழுதுகிறவர்களையும் தவிர ஈ காக்கா நுழைய முடியாதாம். ஜெயிலர் தலையைச் சொறிந்தார். பிறகு ஊழியர்களை எல்லாம் வரிசையாக நிற்க வைத்துக் கேட்டார்.

"உங்கள்ல பத்தாவது இங்கிலீஷ்ல ஃபெயிலானவங்க யாராவது இருக்கீங்களா?"

எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒரு கை, பாதி தூரம் வரைக்கும் உயர்ந்தது. அது வார்டருடைய கை.

"அப்ப நீங்களும் மனுப் போடுங்க. அவனுக்குப் பின் பெஞ்சுல உக்காருங்க. போற போக்குல பாஸாயிட்டா தலைமை வார்டர் ஆயிடலாம்" என்று சிரித்தார் ஜெயிலர்.

"படிப்பெல்லாம் நமக்கு ஒத்துவராது சார். நான் அவனை மட்டும் பாத்துக்கறேன்."

சொன்னபடியே பார்த்துக்கொண்டார். பார்த்த ஒவ்வொன்றும் அவர் சந்தேகத்தை வளர்த்தது.

ஒருநாள் ஓணான் கண்ணை மூடிக்கொண்டு, "கோ ஸ்ட்ரெய்ட். டர்ன் லெஃப்ட். கிராஸ் த பிரிட்ஜ்" என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான். மடியில் ஒரு வரைபடம். ஆஸ்பத்திரி, பேங்க், பஸ் ஸ்டாண்ட், நடுவே அம்புக்குறிகள். வார்டர் பாய்ந்து அதைப் பிடுங்கினார்.

"எந்த ஊரு மேப்புடா இது?"

"எந்த ஊரும் இல்லைங்கய்யா. படத்தைப் பாத்து வழி சொல்லணும். அஞ்சு மார்க்."

மறுநாள் ஒரு கடிதம் சிக்கியது. 'எங்கள் தெருவில் ஒரு வாரமாக விளக்கு எரியவில்லை' என்று இங்கிலீஷில் எழுதியிருந்தான்.

"உள்ள இருக்கிறவனுக்குத் தெருவிளக்கு எதுக்குடா? யாருக்குத் தகவல் சொல்றே?"

"புகார்க் கடிதம் பழகுறேங்கய்யா. போன வருஷம் குப்பை வந்துச்சாம். இந்த வருஷம் விளக்குதான் வரும்னு வாத்தியார் சொன்னாரு."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தான். அதுதான் வார்டரை இன்னும் பயமுறுத்தியது.

இலக்கியப் பாடம் அதைவிட மோசம். பாடம் சொல்லித்தர வந்த வாத்தியார், "அந்தக் கவிதையில வர்ற மாலுமி கடைசியில என்ன ஆவான்?" என்று கேட்டார்.

"படகுல ஏறிப் போயிடுவான் சார். திரும்பி வரவே மாட்டான்."

சொல்லும்போது ஓணானின் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம். வார்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை.

பரீட்சை வந்தது. இங்கிலீஷுக்கு இரண்டு தாள். முதலில் வந்த மொழித்தாள் அன்று ஒன்றும் நடக்கவில்லை. முதல் நாள் நோட்டம் விட்டிருப்பான், கைவரிசையை மறுநாள் காட்டுவான் என்று வார்டர் கணக்குப் போட்டார்.

இலக்கியத்தாளுக்கும் இருவரும் நடந்தே போனார்கள். அறை வாசலில் வார்டர் கைவிலங்கைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார். ஓணானுக்கு ஜன்னலோர இடம். ஜன்னலுக்குக் கம்பி இல்லை. வெளியே இடுப்பளவு சுவர், அதைத் தாண்டினால் பஸ் ஸ்டாண்ட். அவனைப் போன்றவனுக்கு அரை நிமிட வேலை.

பத்தரை மணிக்கு ஓணான் ஜன்னல் பக்கம் திரும்பினான். வார்டர் பெஞ்சின் விளிம்புக்கு வந்தார். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு மறுபடி எழுத ஆரம்பித்தான். பதினொன்றரைக்குச் சட்டென்று எழுந்து நின்றான். வார்டரும் எழுந்துவிட்டார்.

"எக்ஸ்ட்ரா பேப்பர்" என்றான் ஓணான், மேற்பார்வையாளரிடம்.

வார்டர் உட்கார்ந்தார். அதன்பிறகு கழுத்தை நீட்டி, இமை கொட்டாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மணிக்குப் பரீட்சை முடிந்திருக்க வேண்டும். சிறையில் ஜெயிலர் ஒன்றரை வரை பொறுத்துப் பார்த்தார். வார்டரின் செல்போன் அணைந்தே கிடந்தது. இரண்டு மணி ஆனதும் ஜெயிலரின் சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்துவிட்டது. 'அந்த மனுஷன் அப்பவே சொன்னாரே!' என்று தன்னையே நொந்துகொண்டு, அபாய மணியை அடிக்கச் சொல்ல வாயைத் திறந்தார்.

வெளிக் கதவை யாரோ தட்டினார்கள்.

ஜெயிலர் ஓடிப்போய்ச் சின்னக் கதவைத் திறந்தார். வாசலில் ஓணான் நின்றிருந்தான், தன்னந்தனியாக.

"வார்டர் எங்கடா? அவரை என்னடா பண்ணினே?"

"நான் ஒண்ணும் பண்ணலைங்கய்யா. என் பேப்பரும் அவர் பேப்பரும் பதினாலு பக்கமும் ஒண்ணுபோல இருந்துச்சாம்" என்றான் ஓணான், வருத்தமாக.

"பறக்கும் படைக்காரங்க அவரைப் புடிச்சு போலீஸ் ஸ்டேஷன்ல விட்டுட்டாங்க, ஜாமீன் எடுக்க யாரையாவது சீக்கிரம் அனுப்புங்கய்யா!"