ஜோன்சனா, மத்யூசனா?

“நூறு வருசத்துக்கு முந்தி பேஸ்போலிலை பந்து எறிஞ்சவையளுக்குள்ளை வால்டர் ஜோன்சன்தான் பெரியவர். இந்த விசரன் மத்யூசன் எண்டு நிக்கிறான்,” என்று கணினியைத் தட்டியபடி மனைவி ஜெனிதாவிடம் சொன்னான் கீர்த்தனன். இணையக் குழுவில் முகம் தெரியாத ஒருவரோடு ஒரு மாதமாகச் சண்டை.

‘பந்தையே தொட்டுப் பார்க்காத மடையா, இனி இந்தப் பக்கம் வராதே’ என்று நோர்வேஜிய மொழியில் எழுதி அனுப்பினான்.

சற்று நேரத்தில் தொலைபேசி அடித்தது. பேசிவிட்டு வைத்தாள் ஜெனிதா.

“ரொம்சோஸ் வீட்டிலையிருந்து அப்பா. இண்டைக்குச் சாப்பாட்டுக்கு வரேல்லையாம். குரலே சரியில்லை.”

“ஏனாம்?”

“சொல்லேல்லை. பாவம், மருமகனோடை நேரிலை கதைக்கக் கூச்சமெண்டு பேஸ்போலெல்லாம் படிச்சவர். நீங்கள் எழுதுற இணையக் குழுவையும் என்னட்டைத்தான் கேட்டு வாங்கினவர்.”

கீர்த்தனனுக்குக் காது சுட்டது. திரையில் பதில் வந்திருந்தது, தமிழில்.

‘ஓம் தம்பி. ஜோன்சன்தான் பெரியவர்.’