கோவிந்தசாமியின் முறை

வாய்க்காலுக்கு அக்கரையில் அறுவடை மெஷினை லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

இக்கரை வரப்பில் நின்ற ஸ்ரீமதி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்தாள். அங்கே அத்தனை வயலும் மொட்டையாகக் கிடந்தன. இங்கே அப்பாவின் நெல் மட்டும் முற்றித் தலை சாய்ந்து நின்றது. கடலூர்ப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. இன்று கொட்டினால் மொத்தமும் சேறுதான்.

அப்பா கோவிந்தசாமியோ வரப்பில் ஹாயாக உட்கார்ந்திருந்தார்.

போன வருஷம் யார் வயல் முதலில் என்று ஊரில் அடிதடியே நடந்தது. அதனால்தான் ஊருக்கு வாடகை மெஷின் பேசிவிடும் இளவரசு மாமா, சிதம்பரத்தில் கம்ப்யூட்டர் படிக்கப் போன இவளைப் பிடித்தார். செல்லில் ஓடும் ஒரு புரோகிராம் எழுதி, பதிந்த வரிசையிலேயே பெயர்களை ‘அரே’ என்ற பட்டியலில் அடுக்கினாள். ஒரு வயல் முடிந்ததும் அடுத்த பெயரை டிரைவரின் செல் காட்டும். அவர் ஆத்தூர்க்காரர். ஊரில் யாரையும் தெரியாது, செல் சொன்ன வயலில் மெஷினை இறக்குவார்.

முதலில் பதிந்தது அப்பாதான். பிறகு எப்படி?

செல்லை எடுத்துத் தான் எழுதியதை மேலும் கீழும் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். அட, இதோ!

அரேயில் முதல் இடத்தின் எண் ஒன்று அல்ல, பூஜ்யம் என்று முதல் வாரமே கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொல்லியிருந்தார்கள். இவள் பாட்டுக்கு ஒன்றிலிருந்து ஆரம்பித்திருக்கிறாள். பூஜ்யத்தில் இருந்த அப்பாவை மெஷின் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. டிரைவரின் செல்லில் இந்நேரம் ‘எல்லாம் முடிந்தது’ என்று வந்திருக்கும்.

பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்பா அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். “டீக்கடையில பூரா ஒன் பேச்சுதாம்மா. பெத்த அப்பன்னுகூடப் பாக்காம என்னியக் கடைசில போட்டுட்டியே, அதச் சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாங்க. எனக்கு எம்மாம் பெருமை தெரியுமா?”

வாய் வரைக்கும் வந்த உண்மையை அவள் விழுங்கினாள்.

அக்கரையில் லாரி உறுமிக் கிளம்பியது. பாலத்தைச் சுற்றி இந்தப் பக்கம் வரவேண்டிய வண்டி, ஊரைவிட்டுப் போகும் ஸ்ரீமுஷ்ணம் ரோட்டுக்குத் திரும்பியது.

செருப்பை உதறிவிட்டு, கையை ஆட்டிக் கத்திக்கொண்டே வரப்பில் ஓடினாள் ஸ்ரீமதி.

“ஏம்மா இப்பிடிப் பறக்குற?” என்று பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. “இனிமே நம்ம முறைதான, வண்டி தானா வரும்!”