சிவப்புப் பெட்டி, நீலப் பெட்டி

“எது ஜெயிச்சுது? சிவப்பா, நீலமா?” குழியின் வாயில் குனிந்து நின்று அண்ணி கேட்டாள்.

“ரெண்டுலயும் ரெண்டு விளக்குதான் எரியுது, அண்ணி.” கணுக்காலளவு தண்ணீரில் நின்றுகொண்டு அவள் இரண்டு பெட்டிகளையும் தூக்கிக் காட்டினாள்.

“சரி சரி, ஏறி வா. பூச்சி கீச்சி இருக்கப்போகுது.”

அடுக்குமாடிக் கட்டடத்தின் தண்ணீர் மீட்டர்கள் இருக்கும் குழி அது. இனிமேல் மீட்டரே தன் ரீடிங்கை அலுவலகத்துக்கு அனுப்பிவிடும். சின்ன பேட்டரி ஒன்று பல வருஷம் உழைக்கும். ஆனால் இப்படிப்பட்ட குழிகளுக்கும் பேஸ்மெண்டுகளுக்கும் எந்த நெட்வொர்க் எட்டும்? இரண்டு நெட்வொர்க்கை ஒப்பிட்டுப் பார்க்கத்தான் கம்பெனி ஆளுக்கொரு சோதனைப் பெட்டி கொடுத்திருந்தது. பொத்தானை அமுக்கினால் செய்தி போகும். சிக்னலின் பலத்துக்கு ஏற்ப விளக்கு எரியும்.

சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியது அண்ணியுடையது. நீலம் அவளுடையது.

அண்ணிக்கு முழங்கால் வலி, இரும்பு ஏணியில் இறங்க முடியாது. அதனால் குழி என்று வந்தால் சிவப்பும் அவள் கைக்கு வந்துவிடும். பெரியவளுடையது என்ற மரியாதையில் அதைத்தான் முதலில் அமுக்குவாள். அவள் மேலே வந்து சேற்றைக் கழுவுவதற்குள், அண்ணி சிவப்பை வாங்கிக்கொண்டு லிஃப்டில் ஏறிப் பக்கத்துக் கட்டடத்தின் மாடிகளில் சோதனையை முடித்திருப்பாள்.

“நீலக் கட்சி இன்னைக்கும் பின்தங்கிடுச்சா?” சாப்பிட உட்காரும்போது அண்ணன் சீண்டுவான்.

“அவ கட்சியில தலைவரும் அவதான், தொண்டரும் அவதான். பாவம், எப்படி முந்தும்?” என்பாள் அண்ணி.

அவளும் சேர்ந்து சிரிப்பாள். தோற்றால் தோற்பது ஒரு நெட்வொர்க். அவளுக்கென்ன?

அவளுக்கு வேண்டியது வேறு. சோதனை முடிந்ததும் மீட்டர் பொருத்துகிற வேலை நிரந்தரமாக உண்டு என்று மேலாளர் சொல்லியிருந்தார். கிடைத்தால் மகளோடு தனியாக ஓர் அறை பார்த்துக்கொள்ளலாம். அண்ணன் வீட்டுக் கூடத்தில், எல்லோரும் படுத்த பிறகு படுக்கையை விரித்து, எல்லோரும் எழும் முன் சுருட்டி வைக்கிற பிழைப்பு போதும் போதும் என்றாகிவிட்டது.

அண்ணியை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே அவள்தான். “நம்ம ரெண்டு பேருக்கும் நிச்சயம்டி. நீ ஏன் கவலைப்படறே?” என்று குழியிலிருந்து கைகொடுத்துத் தூக்கிவிடும்போதெல்லாம் அண்ணி சொல்வாள்.

ஒன்றுதான் உறுத்தியது. எந்தக் குழியிலும் இரண்டு பெட்டிகளும் ஒன்றையொன்று விட்டுக்கொடுத்ததில்லை. இது இருண்டால் அதுவும் இருண்டது. மேலாளரிடம் சொல்லிப் பார்த்தாள்.

“அமுக்கறது உங்க வேலை. யோசிக்கறது எங்க வேலை,” என்று அவர் சிரித்தார்.

சோதனை முடிந்த அன்று அவளை மட்டும் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“சிவப்புதான் முந்திடுச்சும்மா. ஒவ்வொரு குழியிலிருந்தும் அதுதான் முதல்ல வந்திருக்கு. மாடிங்களும் அதுலதான் அதிகம்.”

“சரி சார். அப்ப நாளையிலிருந்து எனக்கும் சிவப்புப் பெட்டியா?”

அவர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார்.

“ரெண்டும் ஒரே நெட்வொர்க்தாம்மா. எதைப் போடறதுன்னு எப்பவோ முடிவாயிடுச்சு. ஸ்டிக்கர் மட்டும்தான் வேற. எங்களுக்கு நிரந்தரமா ஒரு ஆள்தான் வேணும். ரெண்டு பேர்ல யாருன்னு பார்த்தோம்.”

அத்தனை குழியிலும் இறங்கியது நான்தான் என்ற வார்த்தை அவள் தொண்டை வரை வந்துவிட்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் நாற்காலியில் அண்ணி காத்திருந்தாள். சொன்னால் அண்ணிக்குக் கிடைத்த வேலையும் போய்விடும். ஒரே கூரையின் கீழ் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்களை, தங்களுக்கே தெரியாத போட்டியில் ஒருத்தி மேல் ஒருத்தியை ஏவிவிட்டிருக்கிறார்கள். அவமானமாக இருந்தது. வந்த வார்த்தையை அப்படியே விழுங்கினாள்.

“ஒரே ஒரு உதவி சார். எங்களை இப்படி மோதவிட்டீங்கன்னு அண்ணிக்குத் தெரியவேண்டாம். தெரிஞ்சா, எனக்கு இந்த வேலையே வேண்டாம்னு எழுந்து போயிடுவாங்க.”

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

“உங்ககிட்ட இதை நெட்வொர்க் சோதனைன்னு சொல்லச் சொன்னதே உங்க அண்ணிதாம்மா.”